ஆனதோத்தில் வாங்கிய நிலம்

டிசம்பர் 31. நடுராத்திரி ஆராதனை முடிந்ததும் சபையார் வரிசையில் நின்று வசன அட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் தட்டில் அட்டைகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. எடுத்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டிக் கைகொடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் மட்டும் தன் அட்டையோடு வெளியே வந்து, வாசல் டியூப்லைட் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஜூலையில்தான் அவருடைய மகனை அடக்கம் செய்திருந்தோம். அட்டையில் ஒரு ரோஜாப்பூ. அதன்கீழே எரேமியா 29:11.

"தம்பி, இது யாருக்கு எழுதினது?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான் அக்கா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அட்டையைப் பைபிளுக்குள் செருகிக்கொண்டு நடந்தார்.

அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதியை அவருக்குச் சொல்லாமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது. சோர்ந்துபோயிருக்கிற சகோதரரே, சகோதரிகளே, சோர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் தவிக்கிறவர்களே, அந்த மீதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா எழுதி, எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் அது. கர்த்தருடைய நினைவுகள் நன்மையானவை என்று 11-ஆம் வசனம் சொல்வது உண்மை. அதற்கு முந்தின 10-ஆம் வசனம், இது நடக்க எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. எழுபது வருஷம் என்றால், கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும், எழுதியவருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவே ஜெபியுங்கள் என்று கர்த்தர் சொன்னார். அக்காவின் கேள்விக்கு வேதம் தருகிற பதில் இதுதான்: இழப்பு திரும்பி வராது என்று தெரிந்தும் மறுநாள் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவர்களுக்கு எழுதினது.

இந்தக் கடிதம் அன்றைக்கு எல்லாருக்கும் பிடிக்கவில்லை. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்தே பதில் எழுதி, சிறையிருப்பு நெடுங்காலம் இருக்கும் என்று சொல்கிற இந்த ஆளைத் தொழுமரத்தில் மாட்டவேண்டாமா என்று கேட்டான். எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசியோ, இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று ஆலயத்தில் சகல ஜனங்களுக்கும் முன்பாகச் சொல்லி, அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து உடைத்தான். கூட்டத்துக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவே முதலில் ஆமென் என்றுதான் சொன்னார். அப்படி நடந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கர்த்தர் சொல்லாததை அவர் பேரால் சொல்ல எரேமியாவுக்கு மனம் வரவில்லை. அனனியா அந்த வருஷமே செத்துப்போனான்.

அனனியாவின் வேலையை நாம் செய்யவேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் நின்று, மூன்று மாதத்தில் எழுந்து நடப்பீர்கள் என்று தேதி குறிக்காதீர்கள். வேலை போனவனிடம் உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அந்த ஒரு சொல்லால் சபையைவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் செய்ததில் உருப்படியானது, வாயைத் திறப்பதற்கு முன் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

துக்கத்தில் இருக்கிறவர்களே, அழுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு துதி இல்லை. புலம்பல் என்றே ஒரு புஸ்தகம் இருக்கிறது. அதன் ஐந்து அதிகாரங்களில் நாலு, எபிரெய எழுத்துகளின் வரிசையில் அடியெடுத்துக் கட்டியவை. நம்பிக்கையான வார்த்தைகள் மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் வருகின்றன. அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. அந்தப் புஸ்தகத்தை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவில்லை. ஜெபிக்க வார்த்தை வரவில்லையென்றால் அதைத் திறந்துவைத்து வாய்விட்டு வாசியுங்கள். அதுவே ஜெபம். குடும்ப ஜெபத்துக்கு உட்கார முடியாத நாட்களில் ஒரே ஒரு சங்கீதம் போதும். அதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி அந்த நிலத்துக்கு வருகிறேன். எரேமியா 32-ஆம் அதிகாரம். சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியாவோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்து ஊர், எரேமியா பிறந்த ஊர். முன்பு அவரைக் கொல்லத் தேடினவர்களும் அந்த ஊர்க்காரர்களே. முற்றுகை போட்டவன் கையில் அகப்பட்ட மண்ணை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

எரேமியா வாங்கினார். வேதம் இதைப் பத்திர ஆபீஸில் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலச் சொல்கிறது. பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். நம் கணக்கில் ஏறத்தாழ 200 கிராம். பத்திரம் எழுதிச் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் பாருக்கு என்பவர் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். கடன்காரன் வாசலில் நிற்கும்போது வீட்டில் விதைநெல் எடுத்துவைப்பதுபோன்ற காரியம்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் எரேமியா ஜெபம் பண்ணுகிறார். நகரம் சத்துருவின் கையில் போய்க்கொண்டிருக்கும்போது என்னை நிலம் வாங்கச் சொன்னீரே ஆண்டவரே என்று கலங்குகிறார். கலக்கம் தீர்ந்தபிறகு வாங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. மனதில் தைரியம் வரட்டும், பிறகு சபைக்குப் போகிறேன், பிறகு மன்னிக்கிறேன், பிறகு கடனைக் கேட்டவனைப் பார்க்கிறேன் என்று நாம் தள்ளிப்போடுகிறோமே, அந்தத் தைரியத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வெள்ளியை இன்றைக்கே நிறுத்துவிடுங்கள். கேள்வியைப் பிறகு கேட்கலாம். கர்த்தர் கேட்டுக்கொள்வார்.

அதே முற்றுகை நாட்களில் இன்னொன்றும் நடந்தது. பயத்தில் பிரபுக்கள் எல்லாரும் தங்கள் அடிமைகளை விடுதலை பண்ணுவதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்தார்கள். எகிப்தின் படை வருகிறதென்று கேட்டுப் பாபிலோன் சேனை கொஞ்சம் விலகியது. உடனே அடிமைகளை மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். 34-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி அதற்கான கண்டனம். நாமும் ஐ.சி.யூ. வாசலில் நின்று பண்ணிய பொருத்தனைகளை நினைத்துப் பார்ப்போம். வீட்டு வேலைக்கு வருகிறவளின் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றோம். தம்பியோடு வரப்புச் சண்டையை விட்டுவிடுகிறேன் என்றோம். ஆபத்து விலகிய பிறகு அது என்ன ஆயிற்று? உண்மையாயிருப்பது என்று வேதம் சொல்வது முதலில் இதைத்தான். அந்தச் சம்பளத்தை இந்த மாதமே கூட்டிக் கொடுங்கள். அந்தத் தம்பிக்கு இன்று சாயங்காலம் போன் பண்ணுங்கள்.

லெந்து நாட்களில் அக்கா வீட்டுக்குப் போனேன். மகனுடைய படத்துக்குக் கீழே உட்கார்ந்து 29-ஆம் அதிகாரத்தையும் 32-ஆம் அதிகாரத்தையும் முழுவதுமாக வாசித்தோம். எழுபது வருஷம் என்று வந்த இடத்தில் அவர் அழுதார். நான் எதுவும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும், "அந்த நிலத்துல அப்புறம் யாராவது பயிர் வச்சாங்களா தம்பி?" என்று கேட்டார்.

எரேமியா வைக்கவில்லை. கி.மு. 586-இல் எருசலேம் விழுந்தது. அதன்பின் மிச்சமிருந்த ஜனங்கள் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஆனதோத்துக்குத் திரும்பியதாக வேதத்தில் இல்லை. அந்த நிலத்தை யார் உழுதார்கள் என்றும் எழுதவில்லை. நான் பக்கத்தைப் புரட்டி எஸ்றா இரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். பாபிலோனிலிருந்து ஊர் திரும்பியவர்களின் கணக்கு அது. வெறும் பெயரும் எண்ணும்தானே என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரம். 23-ஆம் வசனத்தைக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல்வைத்து வாசித்தார். ஆனதோத் ஊரார், 128 பேர்.