"உனக்கு எழுதப்படல" என்று யார் சொல்வது?



சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகைக்குப் பிறகு ஓர் இளைஞர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெக்கானிக்கல் படித்து முடித்து நான்கு வருடம் ஆகிறது. நம் நார்த்தாமலையிலிருந்து பஸ் ஏறி மாத்தூர், திருச்சி என்று அலைந்து, சென்னை வரைக்கும் போய் வந்துவிட்டார். "ஹஜ்ரத், ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் இஸ்திகாரா தொழுதுட்டுதான் போனேன். பதினோரு இடம். ஒண்ணும் கிடைக்கல. அல்லாஹ்வுக்கே நான் வேண்டாமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு எழுதப்படல தம்பி. ஸப்ரு செய்." அவ்வளவுதான். "சரி ஹஜ்ரத்" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு ஜும்ஆவிலும் கடைசி வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியேறினார். நான் சொன்னதில் மார்க்கத்துக்கு மாற்றமாக எதுவும் இல்லை. ஆனாலும் அவர் திறந்த கதவை நான் சாத்திவிட்டேன். அந்த உறுத்தலால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

அவர் கேட்டது ஈமான் குறைந்தவனின் கேள்வி அல்ல. தாயிஃபை நினைத்துப் பாருங்கள். நுபுவ்வத்தின் 10-ஆம் ஆண்டு. ஸகீஃப் கூட்டத்தின் தலைவர்களான மூன்று சகோதரர்களும் ஏளனமாகப் பேசி நபி (ஸல்) அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தெருப் பையன்களை ஏவிக் கல்லால் அடிக்க வைத்தார்கள். இரத்தம் வழிய ஒரு தோட்டத்தின் நிழலில் அமர்ந்து அவர்கள் கேட்டதாக ஸீரத் நூல்களில் வரும் துஆவின் மையம் என்ன? ரப்பே, உனக்கு என் மீது கோபம் இல்லையென்றால் மற்றதை நான் பொருட்படுத்த மாட்டேன் என்ற கருத்துதான். அந்த இளைஞரின் மனதில் இருந்த கேள்வியும் அதுவே. மனிதர்கள் திருப்பி அனுப்புவது வேறு, அல்லாஹ் கைவிடுவது வேறு. முதலாவது நடந்த இடத்தில் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு.

தாயிஃபோடு அது முடியவுமில்லை. ஹஜ்ஜுக்கு வந்த கூட்டங்களின் கூடாரங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார்கள். கிந்தா மறுத்தது. பனூ ஹனீஃபா மிக மோசமாக மறுத்தது. பனூ ஆமிர், உங்களுக்குப் பிறகு அதிகாரம் எங்களுக்கு வருமா என்று பேரம் பேசிவிட்டு மறுத்தது. இவர் பேச்சைக் கேட்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தவன் வேறு யாருமில்லை, சொந்தப் பெரிய தந்தை அபூலஹப். மறு ஆண்டு ஹஜ்ஜில் அகபாவில் ஆறு பேர் கேட்டார்கள். அந்த ஆறு பேரின் ஊர்தான் பின்னால் மதீனா ஆனது. இடையில் மறுத்த அத்தனை கூட்டங்களையும் வைத்து அல்லாஹ்வின் தூதரின் தகுதியை அளக்க யாருக்காவது மனம் வருமா?

இஸ்திகாராவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நம்மிடம் இருக்கிறது. தொழுதுவிட்டால் வேலை கிடைத்தாக வேண்டும் என்று நினைக்கிறோம். அந்த துஆவில் இரண்டு பக்கம் உண்டு. நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டும் திருப்பு, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு ஆக்கி அதில் திருப்தியைக் கொடு. திருப்பு என்று கேட்டவனுக்கு அது திரும்பியது என்றால், துஆ வீணாகவில்லையே! இதை அன்றிரவே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கத்ரை எப்போது பேசுவது என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. பலமான முஃமினைப் பற்றிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. முதலில் உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமல் உட்காராதே என்பது வருகிறது. அதன் பிறகும் கைமீறிப் போனால்தான் இது அல்லாஹ்வின் ஏற்பாடு என்ற சொல். "அப்படிச் செய்திருந்தால்" என்று புலம்புவதும் அங்கேதான் தடுக்கப்படுகிறது. பயோடேட்டாவில் என்ன குறை, எந்தக் கேள்வியில் தடுமாறினேன் என்று பார்த்துத் திருத்துவது அந்தப் புலம்பலில் சேராது. அது முதல் பகுதியைச் சேர்ந்தது. நான் அந்தத் தம்பிக்கு முதல் பகுதியை விட்டுவிட்டு, கடைசியை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். கத்ர் என்பது தனக்கு நேர்ந்ததைப் பார்த்து ஒரு முஃமின் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அடுத்தவனின் வாயை அடைக்க நாம் எடுக்கும் துணி அல்ல.

கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 2024 ஜூன் 9-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள், அப்போதும் நூறு பேருக்கு ஓர் இடம் தேறவில்லை. இதில் கிடைக்காத பிள்ளையைப் பார்த்துக் கல்யாண வீட்டில், "இன்னும் சும்மாதான் இருக்கியா?" என்று கேட்கிறோம். பிரியாணி இறங்குமா அவனுக்கு? (2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றிதழைக் கடைசி நாளில் தேடும் பழக்கத்தையாவது விடுங்கள்.)

பெயரைப் பார்த்தே ஒதுக்குவதும் நடக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு ஆய்வாளர்கள் தனியார் கம்பெனிகளுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கும் குறைவுதான். ஆகவே தம்பி, மறுப்புக் கடிதம் ஒவ்வொன்றும் உன் திறமைக்குப் போட்ட மார்க் அல்ல. நடக்கும் அநியாயத்தை அல்லாஹ் எழுதியது என்று நாம் மூடி மறைப்பதும் சரியல்ல. அதே நேரம், நம் கடைகளில் ஆள் எடுக்கும்போது எந்தத் தெரு, எந்த ஜமாஅத், யார் மகன் என்று கேட்பவர்கள் இந்த ஆய்வைச் சொல்லி வருத்தப்படத் தகுதியுள்ளவர்களா?

ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு, பிறகு எதுவுமே சொல்லாமல் விடுகிறோம். அது வாக்கு. வாக்குக்கு மாறுவது முனாஃபிக்கின் அடையாளங்களில் ஒன்று. இல்லை என்றாலும் அன்றே சொல்லுங்கள், அந்தப் பிள்ளை அடுத்த வாசலுக்குப் போகட்டும். எனக்கும் இது நடந்திருக்கிறது. அரபிக் கல்லூரியில் ஸனது வாங்கிய புதிதில் ஒரு பள்ளிவாசலில் இமாமத்துக்காக ஒரு ஜும்ஆ பயான் செய்ய வைத்தார்கள். முடிந்ததும், "தகவல் சொல்றோம்" என்றார்கள். நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்தேன். குரல் சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் என்பது பிறகு வேறொருவர் மூலம்தான் தெரிந்தது. குரலுக்காக அல்ல, அந்த நாற்பது நாளுக்காகத்தான் இன்றும் எனக்கு வருத்தம்.

மறுக்கப்பட்டுக்கொண்டே இருப்பவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. எப்படியாவது கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுவான். லஞ்சம் கேட்டால் தாயின் நகை போகும். வளைகுடா என்றால் ஏஜென்ட் கேட்டதையெல்லாம் கொடுப்பான். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது சட்டம். அதற்கு மேல் லட்சத்தில் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்குப் போனபோது கையில் எதுவும் இல்லை. பின்னால் தேடும் எதிரி, முன்னால் தெரியாத ஊர். கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குக் கூலி பேசாமல் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் போய் அமர்ந்தார்கள். ரப்பிடம் இன்ன வேலை என்று கேட்கவில்லை, நீ தரும் எந்த நன்மையும் எனக்குத் தேவை என்று முறையிட்டார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் தந்தையிடம், பலமும் நம்பிக்கையும் உள்ளவர், வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தார். எட்டு வருடம், விரும்பினால் பத்து. வேலை வந்தது, வீடும் வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். அதன் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிச் சிலர் பேசுவதுண்டு, இருந்தாலும் நம் உலமாக்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். அவர் வீட்டிலிருந்த துணியையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு, இன்னொன்றுக்குக் கோடரி வாங்கி வரச் சொன்னார்கள். அந்தக் கோடரிக்குத் தங்கள் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்து திர்ஹத்தோடு வந்தார். ஸப்ரு செய் என்ற வார்த்தையோடு அனுப்பி வைக்கவில்லை, பிடி போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த இளைஞரைப் போன வாரம் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். நான் அன்று சொன்னது போதாது என்று சொன்னேன். சிரித்தார். தேநீர் கொடுத்தார். பயோடேட்டாவைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், என் பையில் இருக்கிறது. மாத்தூரில் பட்டறை வைத்திருப்பவர்கள், திருச்சியில் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருப்பவர்கள் இன்று சுன்னத் தொழுததும் பத்து நிமிடம் உட்காருங்கள். வேலை தேடும் பிள்ளைகளும் இருங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள்.