கூண்டுக் கிளி கூடுமா?

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் நம்மவர் வீடுகள் சிலவற்றில் இன்றும் கிளிக்கூண்டு தொங்குகிறது. 'ஸலாம்' சொல்லப் பழக்கியிருப்பார்கள். கேட்டால் அபூ உமைர் (ரலி) ஹதீஸை எடுத்துக் காட்டுவார்கள்.

அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரரான அச்சிறுவர் ஒரு சிறு குருவியை வளர்த்தார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்தார்கள். பறவை வளர்க்கலாம் என்று இதிலிருந்து அறிஞர்கள் சட்டம் எடுத்தது உண்மையே. (இப்னுல் காஸ் என்ற ஷாஃபியீ அறிஞர் இந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபது கருத்துகளை எடுத்தெழுதினார்!)

வளர்க்கலாமா என்பது ஒரு கேள்வி; அது நம் கைக்கு எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. பச்சைக்கிளி முதிர்ந்த மரப் பொந்தில் முட்டையிடும். விலைக்கு வருபவற்றில் பல, இறகு முளைக்குமுன் அங்கிருந்து எடுக்கப்பட்ட குஞ்சுகள். பிரயாணத்தில் தோழர்கள் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். இது அபூதாவூதில் உள்ளது. இதை மறைத்து முதல் ஹதீஸை மட்டும் சொல்வது சௌகரியம், நியாயமன்று. "நான் எடுக்கவில்லை, காசு கொடுத்து வாங்கினேன்" என்பதும் செல்லாது. வாங்க ஆளிருப்பதால்தான் பொந்துக்குள் கை போகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம்.

"அப்படியானால் இன்றே திறந்து விடுகிறேன்" என்று சிலர் புறப்படலாம். அவசரம் வேண்டாம். குஞ்சிலிருந்தே கூண்டில் வளர்ந்தது இரை தேட அறியாது, சிறகும் வலுவிழந்திருக்கும். தெருவில் விட்டால் காக்கைக்கும் பூனைக்கும்தான் ஆகும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. அதுவரை பழமும் தண்ணீரும் குறையாமல் வைப்பது வளர்த்தவர் மீது கடமை.