கேட்காமல் விட்ட குரல்கள்

நெகிரி செம்பிலானில் பால்மரத் தோட்டங்கள் கைமாறியும் செம்பனையாகியும் வீடமைப்புத் திட்டங்களாகியும் போன காலத்தில், லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் எதை எடுத்துப்போனார்கள் என்று யாரும் கணக்கெழுதவில்லை. சாமி படம் கட்டாயம் போயிருக்கும். அம்மிக்கு அடுக்குமாடி வீட்டில் இடமில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த கேசட்டுகளுக்கு எடையும் இல்லை, இடமும் வேண்டியதில்லை என்பதால் பல வீடுகளில் அவை கூடவே வந்துவிட்டன. பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். நடுவே ஒன்றிரண்டில் கோவில் திருவிழா உறுமி, பாட்டியின் தாலாட்டு, சில வேளை இழவு வீட்டு ஒப்பாரி. காரியத்துக்கு வர முடியாத ஊர்ச் சொந்தங்களுக்கு அனுப்புவதற்காகப் பதிந்ததாக இருக்கும்.

அந்த ஒப்பாரியைப் பாடிய பெண் இறந்து வெகுகாலமாகிறது. நாடா பேரன் கையில் இருக்கிறது, கைப்பேசியும் இருக்கிறது. யூடியூபில் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். ஏற்றலாமா?

இதே கேள்வியை அமெரிக்க ஜாஸ் உலகம் வேறு உயரத்தில் வைத்து நெடுநாளாக விவாதித்து வருகிறது. 1963 மார்ச் 6 அன்று, நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தன் நால்வர் குழுவோடு வாசித்துப் பதிந்தார். அது இசைத்தட்டாக வரவில்லை. மூல நாடாவோ, இடச் செலவை மிச்சம் பிடிக்க இசைத்தட்டு நிறுவனம் எழுபதுகளில் கழித்துக்கட்டிய சரக்கோடு போய்விட்டதாகக் கருதப்படுகிறது. கோல்ட்ரேன் வீட்டுக்கு எடுத்துப்போன பிரதி ஒன்று முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் தப்பிப் பிழைத்து, 2018இல் வெளிவந்தது. அதில் இரண்டு உருப்படிகளுக்குப் பெயர்கூட இல்லை, 11383, 11386 என்ற எண்கள்தான். பெயர் வைக்காத ஒன்றை அவர் முடிந்த வேலையாக நினைத்தாரா? 1967இல் தம் நாற்பதாம் வயதில் இறக்கும்வரை அவர் அதைத் தேடி எடுத்து வெளியிடச் சொன்னதாகத் தெரியவில்லை. அதையே மறுப்பு என்று சிலர் வாதிடுகிறார்கள். நிறுவனத்தின் வெளியீட்டு அட்டவணையில் இடமில்லாமல் போனதற்கு மறுப்பு என்று பெயரா என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறது: வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்தது. ஒப்பந்தம் இருந்தது, திரும்ப வாசிக்க நேரம் இருந்தது, பிடிக்காததை ஒதுக்கும் உரிமையும் இருந்தது.

பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங்கிலோ, போர்ட்டிக்சன் பக்கத்து சுவா பெத்தோங்கிலோ, விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று பால் வெட்டப் போன ஒரு பெண்ணுக்கு இவற்றில் எது இருந்தது? இழவு வீட்டில் அவர் பாடியபோது பக்கத்தில் ரேடியோ கேசட்டின் சிவப்புப் பொத்தானை யாரோ அழுத்தினார்கள். அவர் அதைக் கவனித்தாரா என்பதே ஐயம். ஒப்பாரியை இன்னொரு முறை பாடச் சொல்வாரும் இல்லை. கோல்ட்ரேனின் மௌனத்தை வைத்துச் செய்யும் வாதத்தை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாமல் போவது இதனால்தான். கலைஞர் வெளியிடாமல் வைத்ததில் ஒரு முடிவு இருந்திருக்கலாம். தோட்டத்துப் பெண் எந்த முடிவும் எடுக்கவில்லை, எடுக்கும் இடத்தில் அவரை யாரும் வைக்கவில்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று படிப்பதும் தப்பு, மறுப்பு என்று படிப்பதும் தப்பு.

ஆனால் நாடா சில வேளை தானே சாட்சி சொல்லும். கேசட்டின் மேல்விளிம்பில், இரு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின்மேல் வேறெதுவும் பதியாது. பிறகு மனம் மாறினால் ஓட்டையின்மேல் செலோடேப் ஒட்டிவிட்டுப் பதியலாம். கண்ணதாசன் பாட்டும் திருமண வீட்டுச் சத்தமும் மாறி மாறிப் பதிந்து அழிந்த கேசட்டுகளுக்கு நடுவே, ஒப்பாரி உள்ள ஒன்றில் மட்டும் தடுப்பு உடைந்திருந்தால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் இது அழியக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறார். அழியக்கூடாது என்றுதான் தீர்மானித்தார், ஊர் கேட்க வேண்டும் என்று அல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சட்டம் இதில் அதிகம் உதவாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்படாத ஒலிப்பதிவுக்குப் பதிந்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் பதிந்தவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஒப்பாரியில் பேர் அடிபட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும் என்பது அந்தச் சட்டத்தின் கவலை இல்லை.

பேர் அடிபடுவது ஒப்பாரியின் இயல்பு. செத்தவரின் பெருமையைச் சொல்லி அழுவதோடு அது நிற்காது. காதுத் தோட்டை அடகு வைத்துத் திருப்பாத தம்பி, சொல்லாமல் ஓடிப்போன மகள், கைநீட்டிய புருஷன், பேர் வெட்டிய கங்காணி என்று எல்லாரும் அதில் வந்துபோவார்கள். முற்றத்தில் இருந்தவர்களுக்கு யார் யார் என்று தெரியும், கேட்டுவிட்டு அங்கேயே விட்டுவிடவும் தெரியும். இணையத்தில் கேட்கிறவருக்கு அந்த இங்கிதம் இருக்க வழியில்லை.

அதற்காக, குடும்ப விஷயம் என்று சொல்லி எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் நியாயம் ஆகாது. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி எஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி துரைமார் எழுதிய குறிப்பும் கம்பெனிக் கணக்கும்தான். 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், அவர்களைப் பற்றி ஹாலிவுட்டில் படமும் வந்தது. தமிழர் தரப்பில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் பிறகு வந்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. பிணம்கூட வந்து சேராத புருஷனை எண்ணி ஒரு பெண் பிற்காலத்தில் அழுதது எங்காவது ஒரு நாடாவில் இருக்குமானால், அதைப் பூஞ்சை தின்ன விடுவதற்கு எந்தக் கூச்சமும் காரணமாகாது. வரலாறு அவரைக் கேட்காமல் விட்டது ஒரு தவறு. மரியாதை என்ற பேரில் நாமும் கேட்காமல் விடுவது அதைவிடச் சௌகரியமான தவறு.

ஆகவே முதலில் படியெடுக்க வேண்டும். வெளியிடுவது வேறு வேலை, அது காத்திருக்கலாம். நாடா காத்திருக்காது. நம் ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும், உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு பசை விட்டு விழும். அப்படியே போட்டு ஓட்டினால் இருப்பதும் போகும்.

வெளியிடும்போது யாருடைய மானம் போகிறது என்று பார்த்தாக வேண்டும். கங்காணி மேலோ கிராணி மேலோ சொன்ன குற்றச்சாட்டை அவர்கள் பேரன்மார் சங்கடப்படுவார்கள் என்று வெட்டி எறிவதில் அறம் ஏதும் இல்லை. அதிகாரத்தில் இருந்தவரைப் பற்றி அந்தப் பெண் வாய்திறந்து பேச முடிந்த ஒரே இடம் அதுவாக இருந்திருக்கலாம். அது அவர் தரப்பு வாக்குமூலம் என்று குறித்து விட்டால் போதும். ஓடிப்போன மகளின் கதை அப்படியல்ல. அவர் இன்று சிரம்பானில் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். அவரைக் கேட்காமல் அந்தப் பகுதியை ஊர் அறிய விடுவதற்கு வரலாற்றின் பேரால் யாருக்கும் உரிமை கிடையாது.

யாரைப் போய்த் தேடுவது என்பது பெரும்பாலும் சாக்குதான். தோட்டம் கலைந்தும் பள்ளிப் பேரில் ‘லாடாங்’ (தோட்டம்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டப் பேரிலேயே முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, திருவிழாவுக்கு மாரியம்மன் கோவிலில் பழைய லயத்துச் சனம் கூடுகிறது. முதலில் அங்கே போட்டுக் கேட்கட்டும். யார் குரல் என்று அவர்கள் சொல்வார்கள், எதை வெளியே விடலாம் என்றும் சொல்வார்கள். பாடியவர் பெயர் தெரிந்தால் அதைப் போட வேண்டும். ‘தோட்டத்துப் பாட்டி’ என்று போடுவது தோட்டத்து ஆள் பதிவேடான பழைய செக்ரோலை விடக் கேவலம், அதிலாவது பேர் இருந்தது.

இன்னொன்றும் நடக்கத் தொடங்கும். பழைய குரலை எடுத்து அடியில் தாளம் சேர்த்துப் புதுப் பாட்டாக்க இளைஞர்களுக்கு ஆசை வரும். அதற்கும் ஜாஸில் முன்னுதாரணம் உண்டு. கோல்ட்ரேன் இறந்த பிறகு அவர் வெளியிடாத பதிவுகள் சிலவற்றின்மேல் இரண்டாம் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் தந்தி வாத்தியங்களைச் சேர்த்து 1972இல் ‘இன்ஃபினிட்டி’ என்று வெளியிட்டார். அவரே பெரிய இசைக்கலைஞர், கணவரோடு சேர்ந்து வாசித்தவர். அப்படியும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆலிஸுக்கும் அதே கதை மறுபுறமாக நேர்ந்தது: 1982இல் தம் ஆசிரமத்துக்காக அவர் கேசட்டாக வெளியிட்ட பஜனைகளை, சேர்ப்பு வாத்தியங்கள் இல்லாத வடிவில் மகன் ரவி 2021இல் வெளியிட்டார். தாய் சேர்த்ததை மகன் எடுத்துவிட்டார், இரண்டுமே அன்பால் செய்ததுதான். பேரன் சம்மதித்தான் என்பதால் மட்டும் ஒப்பாரிக்கு அடியில் தாளம் போட்டுவிடக்கூடாது. போட்டே தீருவேன் என்கிறவர், மூலப் பதிவையும் பக்கத்திலேயே, வெட்டாமல், யாரும் கேட்கும்படி வைக்கட்டும். ‘இன்ஃபினிட்டி’யில் இருந்த ‘லிவிங் ஸ்பேஸ்’ தந்தி வாத்தியங்கள் இல்லாமல் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிவந்தது. அதுவரை ரசிகர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கவில்லை.