அபராதப் பணமும் இறால் படகும்

கடலைக் கெடுத்தவனிடம் காசு வாங்கிக் கடலோரத்தைச் சீர்செய்யலாமா என்ற கேள்வியில் அதிகச் சிக்கல் இல்லை. அபராதம் நன்கொடை அல்ல, கடன். கடனைத் திருப்பி வாங்குவதில் கூச்சத்துக்கு இடமில்லை. வாங்கிய பணம் யாருக்குச் சேர வேண்டியது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தனர். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கலந்தது. 2016இல் இறுதியான உடன்பாட்டில், அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான பி.பி. நிறுவனம் 2,080 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் குறைந்தது 500 கோடி டாலர் லூசியானா மாநிலத்தின் இயற்கைச் சேதத்தை ஈடுசெய்வதற்கு.

அந்த மாநிலத்தின் நோய் இந்த எண்ணெய்க் கசிவுக்கு முந்தையது. 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு மிசிசிப்பி ஆற்றை இருபுறமும் உயர்ந்த கரை கட்டி அடைத்துவிட்டார்கள். வண்டல் சதுப்பில் படியாமல் நேரே ஆழ்கடலில் போய் விழுகிறது. எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே ஏறியது. 1930களிலிருந்து ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர் நிலம் நீரில் கரைந்துவிட்டது. இறால் குஞ்சும் மீன்குஞ்சும் வளரும் புல்வெளிச் சதுப்பு அது. அணைகளுக்குப் பின்னே வண்டல் தங்கிப்போன காவிரியின் கடைமடையைக் கண்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

ஆற்றங்கரையை ஓரிடத்தில் திறந்து, வினாடிக்கு 75,000 கன அடி வரை வண்டல்நீரை பாரட்டாரியா வடிநிலத்துக்குள் விடலாம் என்று பொறியாளர்கள் கண்ட வழியே மிட்-பாரட்டாரியா திட்டம். மேட்டூர் நிலவரம் படிப்பவர்களுக்கு அது எவ்வளவு தண்ணீர் என்று விளக்க வேண்டியதில்லை. மதிப்பீடு 300 கோடி டாலரை நெருங்கியது. பெரும்பகுதி அந்த அபராதப் பணம். மாநில அரசும் மத்திய அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கைகோத்தன.

ஆனால் நன்னீர் புகுந்தால் உப்பு இறங்கும். சிப்பி சாகும், பழுப்பு இறால் விலகிப் போகும், புட்டிமூக்கு ஓங்கில்கள் நோயுறும். திட்ட ஆய்வறிக்கையே இதை மறைக்கவில்லை. கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டத்திலிருந்து 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தத் திட்டத்துக்கு விலக்களித்தது. அந்த வடிநிலத்தில் மீன்பிடித் தொழில் செய்வோரில் தலைமுறைகளாகச் சிப்பி வளர்க்கும் குரோவேசியக் குடும்பத்தார், 1975க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர், கறுப்பின மக்கள், ஹூமா பழங்குடியினர் எனப் பலர் உண்டு. எண்ணெய் கசிந்தபோது வலை நனைக்க முடியாமல் கரையில் நின்றவர்களும் இவர்களே.

இங்கேதான் நெருடுகிறது. இவர்களுக்கு நேர்ந்த கேட்டையும் காட்டி வாங்கிய பணம், இவர்கள் தொழிலுக்கே உலை வைக்கும் மதகாகிறது. நியாயம் கேட்டவனுக்கு இரண்டாவது அடி. மறுபக்கமும் லேசானதல்ல. மதகு இல்லாவிட்டால் சதுப்பு மூழ்கும். சதுப்பு போனால் இறாலும் போகும். இன்றைய படகுக்காரரின் பேரன் எதைப் பிடிப்பான்? ஐம்பது ஆண்டுகளில் 54 சதுர கிலோமீட்டர் நிலம் நிலைக்கும் என்று கணக்கிட்டார்கள். போனதோடு ஒப்பிட்டால் கையளவு. கையளவுதானே என்று விட்டுவிடவும் முடியாது.

மதகு திறக்கப்பட வேண்டும் என்ற பக்கமே நியாயத்தின் எடை சாய்கிறது. ஆனால் இழப்பீட்டைத் திட்டத்தின் வாலில் கட்டிய விதம் தவறு. பாதிப்பைத் தணிக்க ஒதுக்கிய சுமார் 37 கோடி டாலரில் படகுக்குக் குளிர்பதனப் பெட்டி, வலை மேம்பாடு போன்றவையும் அடங்கின. பிழைப்பை இழக்கப்போகிறவனுக்குப் பெட்டி கொடுப்பது உதவி. அவனுக்கு உரிய கடனோ முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மீனவரைக் கூட்டாளி என்று அழைத்தால், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் அந்தப் பெயரோடு வர வேண்டும். மீனவர்கள் விசாரணைக் கூட்டங்களில் பேச அழைக்கப்பட்டார்கள். தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அதனால் அவர்கள் வழக்குமன்றத்துக்குப் போனார்கள்.

2023 ஆகஸ்டில் அயர்ன்டன் என்ற ஊர் அருகே வேலை தொடங்கியது. 2025 ஜூலையில் செலவையும் மீன்பிடித் தொழிலையும் காரணம் காட்டி மாநிலமே திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் 50 கோடி டாலருக்கு மேல் கரைந்திருந்தது. இப்போது சிறிய மதகு ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அதன் வரைபடம் யார் வீட்டு மேசையில் முதலில் விரிக்கப்படும் என்பது இன்னும் தெரியவில்லை.