திறனுடையோர்க்கு மட்டுமா கல்விச் சுற்றுலா?

படிப்பில் சிறந்த மாணவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது அறமாகுமா? ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் கடந்த பின்னும் என் உள்ளத்தை விட்டு அகலாத வினா இது.

இத்தகைய பயணங்கள் இன்று பெருகியுள்ளன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2019ஆம் ஆண்டில் 'யுவிகா' என்னும் இளம் விஞ்ஞானி திட்டத்தைத் தொடங்கி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தன் மையங்களுக்கு வரவழைத்துப் பயிற்சியளிக்கிறது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறை, போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துச் சென்றது. எளிய குடும்பத்துப் பிள்ளை விமானம் ஏறி உலகைக் காண்பது மகிழத்தக்கதே. நான் குறை கூறப் புகுவது பிறரையன்று, என்னையே.

பல்லாண்டுகளுக்கு முன், கொரட்டூரிலிருந்து மின்சார ரயிலில் பன்னிரண்டு மாணவியரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1851இல் நிறுவப்பட்ட அவ்விடத்தில் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. மதிப்பெண் பட்டியலின் முதற் பன்னிரண்டு பெயர்களையே தேர்ந்திருந்தேன். புறப்படுவதற்கு முந்திய நாள், பட்டியலில் இடம்பெறாத ஒரு சிறுமி என்னிடம் வந்து, "டீச்சர், பாக்கறதுக்கும் மார்க்கு வேணுமா?" என்று கேட்டாள். "அடுத்த முறை நன்றாகப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறு ஆண்டு எனக்குப் பணிமாற்றம் வந்தது. அந்த அடுத்த முறை அவளுக்கு வாய்க்கவில்லை. அழைத்துச் சென்ற பன்னிருவருள்ளும் சிலர் சிற்பங்களை விட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஆசாரியர் உமாஸ்வாமி, தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை உயிரை வந்தடையும் வாயில்களை எண்ணிக் காட்டுகிறார். கற்றதை மறைத்தல், பொறாமையால் கற்பியாதிருத்தல், பிறர் கல்விக்கு இடையூறு செய்தல் ஆகியவை அவற்றுட் சில. இந்த அளவுகோல் இரு தரப்பையும் அளக்கிறது. எல்லாரையும் அழைத்துச் செல்ல இயலவில்லை என்பதற்காக ஆர்வமும் ஆற்றலும் உடைய மாணவரையும் நிறுத்தி வைத்தால், அவர் கல்விக்கு இடையூறு செய்தவராவோம். சென்று வந்தவர் கண்டதைத் தமக்கே வைத்துக்கொள்ள விட்டால், மறைத்தலுக்குத் துணை போவோம். 'நீ தகுதியற்றவள்' என்னும் எண்ணத்தை ஒரு குழந்தையின் மனத்தில் ஊன்றினாலோ, கற்கும் விருப்பத்தையே தடுத்தவராவோம். நான் செய்தது அதுவே.

எல்லையற்ற ஞானம் எல்லா உயிர்க்கும் இயல்பு. அதை மூடிய வினைத்திரையின் அடர்த்தியில்தான் வேறுபாடு என்பது நம் கொள்கை. ஆகவே திறன் மிக்க மாணவர் வேறு இனத்தவர் அல்லர். இதனை மறந்தால் எண்வகைச் செருக்குள் ஒன்றாகிய ஞானச் செருக்கு அவரைப் பற்றும். அதற்குக் காரணமும் நாமே ஆவோம்.

எனவே திறனுடையோர் சுற்றுலாவை விலக்க வேண்டியதில்லை; திருத்திக் கொள்ளலாம். முதலாவதாக, மதிப்பெண்ணை மட்டுமன்றி, காணப்போகும் இடத்தைப் பற்றி மாணவர் எழுப்பும் வினாக்களையும் நோக்கித் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதாக, செல்ல இயலாதோரின் வினாக்களையும் எழுதி வாங்கிச் செல்வோரிடம் கொடுத்தனுப்பலாம். விடை கொணர்ந்து வகுப்பினர்க்கு உரைப்பது அவர்தம் கடமையாகட்டும். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்றன்றோ? மூன்றாவதாக, அருகில் உள்ளவற்றை எல்லார்க்கும் காட்டலாம். கொரட்டூர் ஏரியின் நீர்ப்பறவைகளையும், அந்நீரில் கழிவு கலந்ததால் விளைந்த கேட்டையும் காண எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரயில் கட்டணமும் வேண்டா. அகிம்சைப் பாடம் அங்கேயே இருக்கிறது.

வந்தவாசிப் பகுதியிலுள்ள விடாலில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றதை அது கூறுகிறது. வரும் விடுமுறையில் நம் சிறாரை அங்கு அழைத்துச் செல்ல விழையும் பெரியோர், மதிப்பெண் பட்டியலைச் சற்றே மூடி வைத்துவிட்டு, காண விரும்பும் பிள்ளை யார் என்று முதலில் கேட்பார்களாக. அன்று நான் கேட்கத் தவறியது அதுதான்.