வலப்பக்கத்து நதி

கங்கையில் ஸ்நானம், நர்மதையில் தரிசனமே போதும் என்று நேற்றுச் சொன்னேன். அமரகண்டகத்தில் ஒரு சிறு குண்டத்தில் தோன்றி, 1,312 கிலோமீட்டர் ஓடி, பரூச்சைக் கடந்து சமுத்திரத்தில் சேருகிற அந்தத் தாயை, மூலஸ்தானத்தைப் பிரதட்சிணம் செய்வதுபோல எப்போதும் வலப்பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, முகத்துவாரத்தில் படகேறுவது தவிர வேறெங்கும் குறுக்கே கடவாமல், சாதுர்மாஸ்யத்தில் ஓரிடத்தில் தங்கி, இரு கரையும் நடந்து முடிப்பதற்கே பரிக்கிரமை என்று பெயர். நடுவில் பாலம் வரும், அக்கரை ஐந்து நிமிஷந்தான், ஏறினால் போயிற்று!

இப்போது அங்கே தார்ச்சாலை வந்துவிட்டதே, பஸ்ஸில் சுற்றுகிறார்களே, இதுவும் பரிக்கிரமையா என்று ஒரு பிள்ளை கேட்டான். வசதி வரட்டும், அப்பா. பாதம் வெடித்து நடக்கிற கிழவனுக்கு ஒரு திண்ணையும் ஒரு செம்பு சுத்த ஜலமும் கிடைத்தால் தர்மத்துக்கு என்ன குறைந்துவிடும்?

ஆனால் அந்த நதிக்கரையில் உள்ள சூலபாணி வனத்துக் கதையைக் கேளுங்கள். அணை வந்தபின் அதில் பெரும்பகுதி நீருக்குள் போய்விட்டது. முன்னாளில் அங்கே நுழைந்த யாத்ரிகனைப் பீல் ஜனங்கள் மறித்து, மூட்டை, கம்பளி, மாற்று வேஷ்டி அனைத்தையும் வாங்கிக்கொண்டு கோவணத்தோடு அனுப்புவார்கள். பசித்த ஜனங்கள், பாவம், திட்டாதீர்கள். அவனும் திட்டவில்லை. 'நர்மதே ஹர்' என்றான். தாயே தன் பிள்ளைகளை அனுப்பி என் பாரத்தை இறக்கினாள் என்றான். கொள்ளை போயிற்று என்றானா? பாரம் இறங்கிற்று என்றான்! இன்று அந்த வழியில் ஆசிரமங்கள் இருக்கின்றன, சோறு போடுகிறார்கள், சந்தோஷம். பிடுங்குவதற்கு ஆள் இல்லாத வழியில் இறக்கிவைக்க வேண்டியவன் யார்? நீதான்! தூணடியில் செல்போன் பார்க்கிறவரே, உங்களையுந்தான் சொல்கிறேன். பாரம் இறங்க வேண்டும், பாரம்.

பரிக்கிரமையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு மண்சுவர் வீட்டு வாசலில் 'நர்மதே ஹர்' என்று நின்றேன். யாத்ரிகனுக்குச் சமைக்காத பண்டமாகக் கொடுப்பதற்குச் சதாவர்த்தம் என்பார்கள். அந்த அம்மாள் இரண்டு கை கோதுமை மாவு, கொஞ்சம் பருப்பு, காகிதத்தில் மடித்த உப்பு, இரண்டு மிளகாய் எல்லாம் என் துண்டில் போட்டுவிட்டு என்னையே நமஸ்கரித்தாள். மாவெடுக்க உள்ளே போனவளின் கை பானையின் அடியைச் சுரண்டிய சத்தம் என் காதில் விழுந்தது. என் மடியிலோ பணம் இருந்தது. சங்கர பகவத்பாதர் காலடியிலிருந்து இதே நர்மதைக் கரை ஓங்காரேசுவரம் வரையில் வந்தது குருவைத் தேடி. எனக்கு அன்று அந்தப் பானைச் சத்தமே உபதேசமாயிற்று. பாரம் என்றேனே, அது அங்கேதான் சற்று இறங்கிற்று.

முழங்கால் வலிக்கிறதே, நான் என்ன செய்வேன் என்கிறார் முன்வரிசைப் பாட்டி. நீங்கள் பஸ்ஸிலேயே போங்கள், அம்மா. உங்கள் வீட்டுப் பஞ்சாயதன பூஜையில் இருக்கிற பாணலிங்கம் அவள் மடியிலிருந்து வந்தவர்தானே? அவரையும் புடவைத் தலைப்பில் முடிந்து எடுத்துக்கொண்டு போய், பிறந்த வீட்டு ஜலத்தில் ஒரு முழுக்குப் போட்டு அழைத்து வாருங்கள். பஸ்ஸில் மாத்திரம் வலப்பக்கத்து ஜன்னலோரமாகக் கேட்டு வாங்கி உட்காருங்கள்.