மறதியும் மறுப்பும்

நினைவிழப்பைப் பொருளாகக் கொண்ட காதல் நாவல்கள், இழந்த நினைவு மீளுமா என்ற ஆவலாலேயே வாசகரை ஈர்க்கின்றன. அதனினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு: காதலை மறந்தவர் குற்றவாளி ஆவாரா?

மகாபாரதத்துத் துஷ்யந்தன், சகுந்தலையை நன்கறிந்திருந்தும் ஊராரின் ஐயத்துக்கு அஞ்சி, அறியேன் என்கிறான். காளிதாசனோ துருவாசரின் சாபத்தைப் புகுத்தி, அம்மன்னனை உண்மையாகவே மறக்கச் செய்தான். மன்னனின் குற்றம் குறைந்தது. சகுந்தலையின் துயர் குறையவில்லை.

நாடகத்தில், மீன் வயிற்றிற் கிடைத்த மோதிரம் நினைவை மீட்கிறது. ஆனால், 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அயலிலே கரையரிப்பால் நிலமிழந்தோர் அறிவர்: கடல் கொண்டவை யாவும் மீள்வதில்லை. நினைவும் அத்தகையதே.

மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா இயக்கி, 1982இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை' இதனைக் காட்டுகிறது. விபத்தால் நினைவிழந்து குழந்தை மனம் எய்திய பெண்ணை ஒருவன் பேணுகிறான். குணமடைந்ததும் அவள் அவனை மறந்துவிடுகிறாள். புகைவண்டி நிலையத்தில் அவன் குரங்குபோல் ஆடிக் காட்டியும் அவள் அறிந்தாளில்லை.

அவளை நன்றி மறந்தவள் எனல் தகுமா? தகாது. மறுப்பதற்கும் நினைவு வேண்டும். அது அவளிடம் இல்லை. மேலும், குழந்தை மனத்தோடு அவள் காட்டிய அன்பு, அறிவு தெளிந்தபின் அவளைப் பிணிக்கும் வாக்குறுதி ஆகாது.

எனவே, மன்னிப்பு வேண்டி நிற்பது மறுப்பு ஒன்றே. மறதிக்கு மன்னிப்பே வேண்டியதில்லை. நினைந்திருப்பவரின் காதல் அதனாற் பொய்யாவதுமில்லை. ஆயினும், மறந்தவரிடம் கேட்டுப் பெறத்தக்க கடனாக அது ஒருபோதும் ஆகாது.